கல்நார் ஆய்வு: பராமரிப்புக்கா, இடிப்புக்கா?

கடலூர் சிப்காட் பக்கமோ, புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையிலோ பழைய ஷெட் வைத்திருப்பவருக்கு, கட்டடத்தில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) எங்கே இருக்கிறது என்று தேடும் கல்நார் ஆய்வு என்றால் ஒன்றுதான். ஆனால் 1999-இல் கல்நாரை முழுதாகத் தடை செய்த பிரிட்டனில் அதை இரண்டாகப் பிரிக்கிறார்கள். வெள்ளைக் கல்நார் சிமெண்ட் ஷீட் இன்னும் விற்கும் நம் ஊருக்கும் அந்தப் பிரிவு பொருந்தும்.

பராமரிப்பு ஆய்வு, கட்டடம் வழக்கம்போல் இயங்கும்போதே நடக்கும். எட்டும் இடங்களில் கூரை ஷீட், குழாய், கொதிகலன் உறை எந்த நிலையில் இருக்கின்றன என்று குறித்து, சந்தேகமானதில் சிறு மாதிரி எடுப்பார்கள். சேதமில்லாத ஷீட்டை அப்படியே விட்டு, அவ்வப்போது கவனித்தால் பெரும்பாலும் போதும்.

புதுப்பிக்கவோ இடிக்கவோ போகிறீர்களா? அப்போது வேண்டியது இரண்டாவது ஆய்வு. சுவரை உடைத்து, ஃபால்ஸ் சீலிங்கைப் பிரித்து, தரைக்கடியிலும் தேடுவார்கள். அங்கே ஆள் புழங்கக்கூடாது, செலவும் கூடுதல். சரி, ஒரு அறையை மட்டும் மாற்றினால் அந்த அறைக்கு மட்டும் செய்யலாம்.

பழைய பராமரிப்பு அறிக்கையை நம்பி இடிப்பைத் தொடங்குவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. சுவருக்குள் இருப்பது அதில் வராது. நாரைச் சுவாசிப்பது கூலிக்கு வந்த தொழிலாளி. மீசோதீலியோமா என்ற புற்றுநோய் பல பத்தாண்டுகள் கழித்துக்கூட வரும்.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் நம் கரையைக் கடந்ததே, அதுபோன்ற நாளில் உடைந்த ஷீட்டுக்கு எந்த ஆய்வுக்கும் காத்திருக்க வேண்டாம். உலர்ந்தபடி பெருக்காமல், தண்ணீர் தெளித்து நனைத்து, தடித்த பிளாஸ்டிக்கில் சுற்றிக் கட்டுங்கள்.