கில் -9க்கும் அசையாத ப்ராசஸ்: எந்த வழி எப்போது?

லினக்ஸில் 'கில் -9' (வலுக்கட்டாயமாக நிறுத்தும் சிக்னல்) கொடுத்தும் ஒரு ப்ராசஸ் (ஓடும் நிரல்) போகவில்லையா? அதையே பத்து முறை அடிப்பதில் பயனில்லை. முதலில் பி.எஸ். கட்டளை தரும் ப்ராசஸ் பட்டியலில் ஸ்டேட் (நிலை) எழுத்தைப் பாருங்கள். இசட் என்றால் ஜோம்பி. அது முடிந்து மெமரியும் விடுபட்டாயிற்று, பட்டியலில் ஒரு வரிதான் பாக்கி. அதற்கு சிக்னல் அனுப்புவது செத்த பாம்பை அடிப்பது. அதைத் தொடங்கிய பேரன்ட் ப்ராசஸை ரீஸ்டார்ட் செய்தால் போதும்.

டி எழுத்துதான் உண்மையான தலைவலி. டிஸ்க்கோ நெட்வொர்க்கோ பதில் தரும் என்று கெர்னலுக்குள் (இயங்குதளத்தின் மையப் பகுதி) தூங்கும் ப்ராசஸ் அது. எழுந்தால்தான் சிக்னலைக் கவனிக்கும். லோடு ஆவரேஜில் (ஓடும், காத்திருக்கும் ப்ராசஸ்களின் சராசரி எண்ணிக்கை) இவையும் சேரும் என்பதால் சிபியு சும்மா இருக்க, லோடு மட்டும் ஏறும். 120 வினாடி தாண்டினால், பொதுவாக கெர்னல் லாகில் (பதிவேடு) எச்சரிக்கை விழும். பட்டியல் எடுக்கும்போது ப்ராசஸ் எண், ஸ்டேட், டபிள்யூசான் (கெர்னலில் எங்கே காத்திருக்கிறது), பெயர் மட்டும் கேளுங்கள். முழு கட்டளை வரியைக் கேட்டால் பி.எஸ்.ஸே மாட்டிக்கொள்ளக்கூடும். பிறகு ரூட்டாக (நிர்வாகி கணக்கில்), ப்ராக் (/proc) அடியில் அந்தந்த எண்ணின் டைரக்டரியில் 'ஸ்டாக்' கோப்பைப் படியுங்கள்; ப்ராசஸ் கெர்னலின் எந்த ஃபங்ஷன்கள் வழியாக வந்து நிற்கிறது என்று அது காட்டும். பத்து மாட்டியிருந்தால் பெரும்பாலும் ஒன்பது ஒரு லாக்குக்கு (பூட்டு) வரிசையில் நிற்பவை. ஸ்டாக் வேறுபடும் அந்த ஒன்றைப் பிடியுங்கள்.

மாட்டியது என்எஃப்எஸ்ஸில் (நெட்வொர்க் வழியே வேறு சர்வரின் கோப்புகளைப் பயன்படுத்தும் முறை) என்றால், சர்வரை மீட்டெடுப்பதே முதல் தேர்வு. ஹார்ட் மவுண்டில் (மவுண்ட் என்பது அந்தக் கோப்புகளை நம் கணினியில் இணைப்பது) கோரிக்கை முடிவின்றி மறுமுயற்சி ஆகும். சர்வர் வந்ததும் எழுதும் வேலை இழப்பின்றித் தொடரும். சர்வர் வரவே வராது என்றால் இணைப்பை வலுக்கட்டாயமாகக் கழற்றும் 'யுமவுண்ட் -எஃப்'. நிலுவைக் கோரிக்கைகள் பிழையோடு திரும்பும், எழுதாத தரவு போகும். 'பிஸி' என்று சொன்னாலும் சில முறை திரும்ப ஓட்டுங்கள். பாத்தை சிம்லிங்க் (வேறு பாத்தைச் சுட்டும் குறுக்குவழி) இல்லாமல் முழுதாகக் கொடுங்கள். 'யுமவுண்ட் -எல்' முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை: மவுண்ட் கண்ணிலிருந்து மறையும், மாட்டிய ப்ராசஸ் அப்படியே இருக்கும். புதியவை போய் மாட்டாமல் தடுக்க மட்டும் அது உதவும்.

சாஃப்ட் மவுண்ட் இந்தத் தொல்லையே தராது என்பார்கள். ஆனால் நேரம் தீர்ந்ததும் பிழையைத் திருப்பித் தரும். அதைச் சரிபார்க்காத மென்பொருள் பாதி எழுதிய கோப்போடு நகர்ந்துவிடும். படிக்க மட்டுமான மவுண்டுக்குச் சரி, டேட்டாபேஸுக்கு வேண்டாம். கெர்னல் 2.6.25 முதல் ஹார்ட் மவுண்டில் காத்திருப்பதையும் பெரும்பாலும் கில் -9 எழுப்பிவிடும் என்பதால் சாஃப்டுக்கான பழைய காரணமும் பாதி போயிற்று.

லோக்கல் டிஸ்க் என்றால் கொஞ்சம் பொறுங்கள். ஸ்கஸி (டிஸ்க்கோடு பேசும் கெர்னல் பகுதி) டைம்அவுட் வழக்கமாக 30 வினாடி, மறுமுயற்சிகளோடு சில நிமிடம் ஆகும்.

கடைசி வழி ரீபூட். சாதாரண ரீபூட், யுமவுண்டிலேயே மாட்டலாம். சர்வீஸ்களை நிர்வகிக்கும் சிஸ்டம்டி, ஒவ்வொரு சர்வீஸும் நிற்க வழக்கமாக 90 வினாடி காத்திருக்கும். அங்கேயும் நின்றால் ரூட்டாக, ப்ராக் அடியில் கெர்னலுக்கு நேரடி ஆணை கொடுக்கும் சிஸ்ரிக்யூ-ட்ரிகர் கோப்பில் எஸ், யு, பி என ஒவ்வொன்றாக எழுதுங்கள்: சிங்க் (நிலுவைத் தரவை டிஸ்க்கில் எழுதுவது), ரீட்-ஒன்லி, உடனடி ரீபூட். எஸ் கொடுத்தபின் சில வினாடி விடுங்கள். மாட்டிய டிஸ்க்கில் அது முடியாமலே போகலாம், அப்போது பி-க்குப் போய்விடுங்கள்.