48 அங்குல எக்ஸ்ட்ரா 300: பூட்டுவதிலிருந்து ட்ரிம் வரை, நீண்ட நாள் பயன்பாட்டு அனுபவம்

ஜெர்மனியின் வால்டர் எக்ஸ்ட்ரா வடிவமைத்த எக்ஸ்ட்ரா 300 முதன்முதலில் பறந்தது 1988இல். ஆர்சி (ரேடியோவில் இயக்கும்) ஏரோபாட்டிக், அதாவது வான் சாகச, மாடல்களில் அதன் வடிவம் இவ்வளவு பிடித்துப்போனதற்குக் காரணம் இருக்கிறது. இறக்கை உடம்பின் நடுவில் அமைந்திருக்கிறது. அதன் மேல்புறமும் கீழ்புறமும் ஒரே வளைவு. அதனால் நிமிர்ந்து பறந்தாலும் மல்லாந்து பறந்தாலும் ஏறக்குறைய ஒரே மாதிரி நடந்துகொள்ளும். இங்கே சொல்வது இறக்கை 48 அங்குலம் விரியும் பால்சா மர ஏஆர்எஃப் (பெரும்பாலும் கட்டி முடித்து வரும் மாடல்) பற்றி: 4 செல் 2200 எம்ஏஎச் லைப்போ பேட்டரி, 60 ஆம்பியர் இஎஸ்சி (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி), மெட்டல் கியர் டிஜிட்டல் சர்வோ (இறக்கை, வால் பலகைகளை அசைக்கும் சிறு மோட்டார்) நான்கு, பறக்கும் எடை சுமார் 1.2 கிலோ.

நல்ல விமானம், தயங்காமல் வாங்கலாம். ஆனால் பெட்டியிலிருந்து எடுத்துப் பூட்டியவுடன் அதன் முழுத் திறமையும் தெரியாது. லிங்கேஜ் (சர்வோவைப் பலகையோடு இணைக்கும் அமைப்பு), சிஜி (எடையின் மையப்புள்ளி), மோட்டார் கோணம் மூன்றையும் இதே வரிசையில் சரிசெய்தால்தான் வெளிவரும். வரிசை மாறினால் ஒன்றின் குறையை இன்னொன்றின் மேல் போட்டுத் திருத்திக்கொண்டே இருப்போம்.

பூட்டும் முன் லேண்டிங் கியர் தட்டைப் பாருங்கள். இந்த வகை மாடலில் முதலில் விட்டுப்போவது அதுதான். தொழிற்சாலைப் பசை மெல்லிய கோடாகத்தான் இருக்கும். தட்டின் இருபுறமும் முக்கோண பால்சா பட்டை வைத்து 30 நிமிட எபாக்ஸியால் ஒட்டிவிட்டால் கூடுவது சில கிராம்தான். முரட்டு லேண்டிங்கிலும் தாங்கும். மோட்டார் திருகுகளுக்கு நீல லாக்டைட் கட்டாயம். பிளாஸ்டிக் பாகங்களில் அது படக் கூடாது, விரிசல் விடும்.

லிங்கேஜில் பலரும் செய்வது, நீண்ட சர்வோ ஆர்மைப் போட்டுவிட்டு டிரான்ஸ்மிட்டரில் டிராவலை (சர்வோ அசையும் அளவை) 50, 60 சதவீதத்துக்குக் குறைப்பது. இதில் சர்வோவின் நுணுக்கமும் போகிறது, விசையும் போகிறது, ஆட்டமும் பெரிதாகிறது. டிராவலை 100 சதவீதத்துக்குக் குறையாமல் வைத்து, வேண்டிய கோணம் கிடைக்கும் துளைக்கு புஷ்ராடை (சர்வோவிலிருந்து பலகைக்குப் போகும் கம்பியை) மாற்றுவதே சரி. கீல் இடைவெளியை அடிப்பக்கத்தில் மெல்லிய டேப்பால் மூடுங்கள். எய்லரான் (விமானத்தைப் பக்கவாட்டில் உருட்டும் இறக்கைப் பலகை) உடனே கூர்மையாகும், ஃப்ளட்டர் (வேகத்தில் பலகை படபடவென்று அதிர்வது) அபாயமும் குறையும்.

லோ ரேட்டுக்கு (பலகைகள் குறைவாக அசையும் அமைப்புக்கு) எலிவேட்டர் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் பலகை) 12 டிகிரி, எய்லரான் 20 டிகிரி, எக்ஸ்போ (ஸ்டிக் நடுவில் அசைவை மென்மையாக்கும் அமைப்பு) 30 சதவீதம் போதும். எக்ஸ்போ குறியில் கவனம் வேண்டும்: ஸ்பெக்ட்ரம் டிரான்ஸ்மிட்டரில் பிளஸ் போட்டால் ஸ்டிக் நடுவில் மென்மையாகும், ஃபுடாபாவில் மைனஸ் போட வேண்டும். மாற்றிப் போட்டால் லேசாகத் தொட்டாலே விமானம் துள்ளும். முதல் பறப்பிலேயே கதை முடியும். சிக்னல் போனால் மோட்டார் நிற்கும்படி ஃபெயில்சேஃப் வைத்து, ப்ரொப்பெல்லரைக் கழற்றிய பின் டிரான்ஸ்மிட்டரை அணைத்துச் சோதியுங்கள். வாட்மீட்டரில் நின்ற இடத்து முழு த்ராட்டில் 50 ஆம்பியரைத் தாண்டினால் சிறிய ப்ரொப்பெல்லருக்கு மாறுங்கள்.

முதல் பறப்பு 4 நிமிடம் போதும். காலைக் காற்று எழுவதற்கு முன் வைத்துக்கொள்வது நல்லது. ஆடி மாதத்தில் தவிர்ப்பதே மேல். எதிர்காற்றில் த்ராட்டிலை மெதுவாக ஏற்றுங்கள். மூக்கு இடப்பக்கம் இழுக்கும், வலது ரட்டர் (மூக்கை இடவலமாகத் திருப்பும் வால் பலகை) கொடுக்க வேண்டும். நல்ல உயரம் ஏறி, பாதி த்ராட்டிலில் ட்ரிம் செய்து (ஸ்டிக்கை விட்டாலும் நேராகப் பறக்கும்படி சரிசெய்து), அங்கேயே வேகத்தைக் குறைத்து ஸ்டால் (வேகம் போதாமல் இறக்கை தாங்கும் விசையை இழப்பது) எப்படி வருகிறது என்று பார்த்த பிறகே இறக்குங்கள். இறங்கியதும் மோட்டார், இஎஸ்சி, பேட்டரி மூன்றையும் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் ப்ரொப்பெல்லர் பெரிது, அல்லது காற்று வெளியேறும் வழி போதவில்லை. ட்ரிம்மை புஷ்ராடில் மாற்றிவிட்டு டிரான்ஸ்மிட்டரில் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள்.

அடுத்தது சிஜி. 45 டிகிரியில் ஏற்றி, மல்லாக்கத் திருப்பி, எலிவேட்டரை விடுங்கள். மூக்கு சட்டென்று தரையை நோக்கி விழுந்தால் முன்பாரம். அதே கோட்டில் போய் மெல்லத் தணிந்தால் சரி. தானாக மேல்நோக்கி வளைந்தால் பின்பாரம், அதோடு விளையாட வேண்டாம். 240 கிராம் பேட்டரியை 10 மி.மீ. நகர்த்தினால் 1.2 கிலோ விமானத்தில் சிஜி 2 மி.மீ. நகரும். இந்தக் கணக்குத் தெரிந்தால் ஈயத்தைத் தேட வேண்டியதில்லை.

சிஜி அமைந்த பிறகே மோட்டார் கோணம். முழு த்ராட்டிலில் செங்குத்தாக ஏற்றி ரட்டரைத் தொடாமல் விடுங்கள். இடப்பக்கம் சாய்ந்தால் மோட்டார் மவுண்டின் இடப்பக்கத் திருகுகளுக்குப் பின்னால் 0.5 மி.மீ. வாஷர் சேருங்கள். திருகுகளின் இடைவெளி 50 மி.மீ. என்றால் அது அரை டிகிரிக்குச் சற்று அதிகமாகத் திருப்பும். ஒரு நேரத்தில் ஒரு வாஷர்தான். நைஃப் எட்ஜில் (ஒரு இறக்கை மேலே, ஒன்று கீழே இருக்கப் பறக்கும்போது) சக்கரப் பக்கம் வளைந்தால், சிஜியை மறுபடி பார்த்த பிறகே ரட்டர்-எலிவேட்டர் மிக்ஸிங்குக்கு (ரட்டரோடு எலிவேட்டரும் சேர்ந்து அசையும் அமைப்புக்கு) போங்கள்; 5 சதவீதத்துக்குள் முடியாவிட்டால் பிரச்சினை வேறெங்கோ இருக்கிறது.

நாள்பட்ட பயன்பாட்டில் நம் வெயிலுக்குக் கவரிங் சுருக்கம் விடும். ஓரங்களைக் குறைந்த சூட்டில் அயர்ன் வைத்து ஒட்டிவிட்டு, பிறகு நடுவை இழுக்க வேண்டும்; மாற்றிச் செய்தால் ஓரம் பிரியும். பேட்டரியைப் பறக்காத நாட்களில் செல்லுக்கு 3.8 வோல்ட்டில் வையுங்கள், வெயிலில் நிற்கும் காரில் விடாதீர்கள். பால் லிங்குகள் (புஷ்ராடு நுனியின் உருண்டை மூட்டுகள்) மெல்லத் தேயும். சர்வோவுக்கு மின்சாரம் கொடுத்து வைத்து எலிவேட்டர் நுனியை விரலால் ஆட்டிப் பாருங்கள்; 1 மி.மீ.க்கு மேல் ஆடினால் லிங்கை மாற்றும்வரை பறக்கவிடாதீர்கள். முழு வேகத்தில் கீழிறங்கும்போது ஃப்ளட்டர் பிடித்தால், த்ராட்டிலைக் குறைப்பதற்குள் எலிவேட்டர் கீலோடு பிய்ந்துவிடும்.