நாலு வருடம், 0.001993 பிட்காயின்

2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலை. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன் நான். கட்டிங் செக்‌ஷன் பையன் ஒருவன் போன் பண்ணி, "அண்ணா, டோஜ்காயின் வாங்கிப் போடுங்க, ஏறிட்டே இருக்கு" என்றான். பிட்காயின் மாதிரி அதுவும் இணையத்தில் மட்டும் இருக்கும் ஒரு கிரிப்டோ காயின். வாங்கி விற்கும் ஆப்பை இறக்கினேன், ஆதாரும் பானும் கொடுத்தேன், 3,000 ரூபாய்க்கு 60 காயின் வாங்கினேன். ஒன்று ஐம்பது ரூபாய். அதுதான் உச்சம் என்று பிறகுதான் தெரிந்தது. ஜூன் முடிவதற்குள் விலை பாதிக்கும் கீழே போய்விட்டது.

வீட்டில் கேட்டது ஒரே கேள்விதான். "ஏனுங்க, ஈமு கோழி போய் இப்ப இதுங்களா?" 2012-ல் பெருந்துறைப் பக்கம் ஈமுப் பண்ணைகள் படுத்தபோது என் மாமனாரும் பணம் போட்டிருந்தார். அதனால் பதில் சொல்ல வாய் வரவில்லை.

முதல் ஆறு மாதத்தில் நான் கற்றுக்கொண்டது ஒன்றுமே இல்லை. தினமும் இருபது தடவை விலை பார்த்தேன், யூடியூபில் "அடுத்த நூறு மடங்கு" வீடியோக்களைப் பார்த்தேன். காயின்களை என் சொந்த வாலட்டுக்கு (காயினை நாமே வைத்துக்கொள்ளும் ஆப்) மாற்றலாம் என்று பார்த்தால், அந்த ஆப்பில் வெளியே எடுக்கும் வசதியே கிடையாது. வாங்கலாம், விற்கலாம், அவ்வளவுதான். எனக்கு உறைத்தது அங்கேதான். என்னிடம் டோஜ்காயின் எதுவும் இல்லை. அந்தக் கம்பெனியின் பேரேட்டில் என் பெயருக்கு நேரே 60 என்று ஒரு எண் இருக்கிறது. அது எங்கள் கம்பெனி பேரேட்டில் நூல் சப்ளையருக்கு நான் எழுதும் பாக்கி மாதிரி.

அதன்பிறகுதான் படிக்க ஆரம்பித்தேன். 2008 அக்டோபர் 31-ல் சடோஷி நகமோட்டோ என்ற பெயரில் வெளியான பிட்காயின் கட்டுரை ஒன்பதே பக்கம். முதல் தடவை படித்ததில் பாதி புரியவில்லை. புரிய வைத்தது நோட்பேட்.

வின்டோஸ் கம்ப்யூட்டரிலேயே ஒரு கோப்புக்கு ஷா-256 ஹாஷ், அதாவது கைரேகை மாதிரி ஓர் அடையாள வரிசை, எடுக்கும் கட்டளை இருக்கிறது. "கந்தசாமி பாக்கி 500" என்று எழுதிச் சேமித்து ஹாஷ் எடுத்தால் 64 எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு வரிசை வரும். 500-ஐ 501 ஆக்கினால் வரிசை மொத்தமும் வேறாகிவிடும், பழையதோடு துளி ஒட்டும் இருக்காது. ஐந்து கோப்பு எழுதினேன். ஒவ்வொன்றின் தலையிலும் முந்தைய கோப்பின் ஹாஷை ஒட்டினேன். நாங்கள் டேபுக்கில் முந்தைய பக்கத்து இருப்பை அடுத்த பக்கத்துக்குக் கொண்டு போகிறோமே, அதே வேலை. இப்போது இரண்டாவது கோப்பில் ஒரு எண்ணைத் திருத்தினால் மூன்று, நான்கு, ஐந்து எல்லாம் பொய் ஆகிவிடும்.

ஆகா, இதுதான் பிளாக்செயின் என்று சந்தோஷப்பட்டேன். ஆனால் கணக்குப்பிள்ளை புத்தி சும்மா இருக்குமா? நானே கள்ளக் கணக்கு எழுதுகிறவனாக இருந்தால் என்ன செய்வேன்? மூன்றிலிருந்து ஐந்து வரைக்கும் ஹாஷை மறுபடி போட்டு ஒட்டினேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை, சங்கிலி மறுபடி பொருந்திவிட்டது. "பிளாக்செயினை மாற்றவே முடியாது" என்று எல்லா வீடியோவிலும் சொல்கிறார்களே, நான் மாற்றிவிட்டேனே!

இந்த இடத்தில் ஒரு வாரம் மாட்டிக்கொண்டேன். விடை மைனிங்கில் இருந்தது, அதாவது ஒரு விதிக்குப் பொருந்தும் ஹாஷ் வரும்வரை முயன்றுகொண்டே இருப்பது. ஹாஷ் பூஜ்யத்தில் தொடங்க வேண்டும் என்று விதி வைத்துக்கொண்டு, கோப்பின் கடைசியில் 1, 2, 3 என்று எண் போட்டுப் பார்த்தேன். சராசரியாகப் பதினாறு தடவைக்கு ஒன்று அமையும். எனக்குப் பதினோராவதில் வந்தது. இரண்டு பூஜ்யம் வேண்டுமென்றால் 256 தடவை. நாற்பதோடு கை ஓய்ந்துவிட்டது. இன்ஜினியரிங் படிக்கும் மகள் பைத்தானில் நாலு வரி எழுதி, நாலு பூஜ்யத்தைக் கண் சிமிட்டுவதற்குள் எடுத்துக் கொடுத்தாள். அதற்குச் சராசரி 65,536 முயற்சி. பிட்காயினில் தேவைப்படுவது இதைவிடப் பல மடங்கு. உலகம் முழுக்க மெஷின்கள் சேர்ந்து முயன்றும் ஒரு பிளாக்குக்கு, அதாவது பேரேட்டின் ஒரு பக்கத்துக்கு, சுமார் பத்து நிமிடம் ஆகிறது. 2,016 பிளாக்குக்கு ஒருமுறை கஷ்டத்தின் அளவு தானாகவே கூடும், குறையும். பழைய பக்கத்தைத் திருத்த நினைப்பவன் அத்தனை மின்சாரத்தையும் மறுபடி எரிக்க வேண்டும். அதற்குள் மற்றவர்கள் அடுத்தடுத்த பக்கங்களை எழுதிக்கொண்டே போய்விடுவார்கள். திருத்த முடியாது என்பதில்லை, திருத்தினால் கட்டுப்படியாகாது.

அடுத்து வாலட். முதலில் டெஸ்ட்நெட் என்ற சோதனை வலைப்பின்னலில் பழகினேன். அங்கே காயின் சும்மா கிடைக்கும், மதிப்பு கிடையாது. வாலட் திறந்ததும் 12 ஆங்கிலச் சொற்களைக் கொடுத்தது. அவைதான் சாவி, அவை கிடைத்தவன் காயினை எடுத்துக்கொள்ளலாம். நான் செய்த முதல் காரியம் போனில் போட்டோ எடுத்தது. அது தானாகவே கிளவுடுக்குப் போய்விட்டது. உண்மைப் பணமாக இருந்திருந்தால்? வாலட்டை வேண்டுமென்றே அழித்து, பேப்பரில் எழுதிய சொற்களை வைத்துத் திரும்ப மீட்டுப் பார்த்த பிறகுதான் எனக்குத் தைரியம் வந்தது. புதிதாக வருகிறவர்கள் இந்த ஒன்றை மட்டுமாவது செய்து பாருங்கள்.

2022 ஜூலையில் வேறொரு ஆப்பில் 0.003 பிட்காயின் வாங்கி என் வாலட்டுக்கு எடுத்தேன். வெளியே எடுக்கும் கட்டணமே 0.0005, அன்றைய விலைக்கு எண்ணூறு ரூபாய்க்கு மேல். வயிறு எரிந்தது. கையில் வந்த 0.0025-லிருந்து மகளின் போனுக்கு 0.0005 அனுப்பினேன். எல்லாப் பரிமாற்றத்தையும் காட்டும் பிளாக் எக்ஸ்புளோரர் தளத்தில் பார்த்தால் 0.0025 முழுதாக வெளியே போயிருந்தது. 0.0005 மகளுக்கு, 0.001993 யாரென்றே தெரியாத ஒரு முகவரிக்கு. நெஞ்சு திக்கென்றது. ஹேக் ஆகிவிட்டது என்றே முடிவு கட்டினேன்.

அது சில்லறை. மளிகைக் கடையில் 500 ரூபாய்த் தாளைக் கிழித்து 100 கொடுக்க முடியுமா? முழுத் தாளையும் நீட்டி 400 மீதி வாங்குகிறோம். பிட்காயினும் அப்படித்தான் நகர்கிறது. வந்த தாள் முழுதாகச் செலவாகும், மீதி நம் வாலட்டே உண்டாக்கிய புது முகவரிக்குத் திரும்பும். இடையில் காணாமல் போன 0.000007 மைனிங் செய்பவருக்கான கட்டணம், ஏறக்குறைய பன்னிரண்டு ரூபாய். எண்ணூறோடு ஒப்பிட்டுப் பாருங்கள்! பிட்காயினில் "கணக்கு இருப்பு" என்று ஒன்று எங்கேயும் எழுதப்படவில்லை, செலவாகாத தாள்களைக் கூட்டி வாலட்தான் அதைக் காட்டுகிறது என்பது இந்தப் பதற்றத்துக்குப் பிறகுதான் மண்டையில் ஏறியது.

இதற்கு முன்பே, 2022 மே மாதம் லூனா என்ற காயின் சரிந்தது. ஒரு வாரத்தில் எண்பது டாலர் பக்கமிருந்தது காசுக்கும் கீழே போனது. நம் கட்டிங் பையன் அதில் மாட்டினான். அதோடு சேர்ந்த, ஒரு டாலரிலேயே நிற்கும் என்று சொல்லப்பட்ட UST காயினைப் போட்டு வைத்தால் வருடத்துக்கு இருபது சதவீதத்தை ஒட்டி வட்டி என்று என்னையும் கூப்பிட்டிருந்தான். அந்த வட்டி யார் கையிலிருந்து வருகிறது என்று கேட்டேன், அவனுக்குப் பதில் தெரியவில்லை. ஈமு நல்ல வாத்தியார். அதே வருடம் நவம்பரில் எஃப்டிஎக்ஸ் என்ற பெரிய கிரிப்டோ சந்தை திவால் ஆனது. அடுத்தவர் பேரேட்டில் எண்ணாக இருப்பதன் அர்த்தம் அன்று பலருக்கும் புரிந்திருக்கும்.

வரி. 2022 ஏப்ரல் 1 முதல் லாபத்துக்கு 30 சதவீதம், ஜூலை 1 முதல் விற்கும்போதே 1 சதவீத டிடிஎஸ் பிடித்தம். ஒன்றின் நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்கவும் முடியாது, அடுத்த வருடத்துக்குக் கொண்டு போகவும் முடியாது. என் கணக்கைச் சொல்கிறேன். அந்த வருடம் ஈதர் என்ற இன்னொரு காயினில் 1,300 ரூபாய் லாபம், டோஜ்காயினை விற்றதில் சுமார் 2,500 நஷ்டம். மொத்தத்தில் 1,200 கையை விட்டுப் போனது. ஆனாலும் 1,300-க்கு வரி 390, அதன்மேல் 4 சதவீத செஸ், ஆக 405 ரூபாய் 60 காசு. போதாக்குறைக்கு வருமான வரிக்கு எளிய ஐடிஆர்-1 படிவம் செல்லாது, பெரிய படிவம்தான். வரி போட்டதால் இது சட்டப்படியான பணம் ஆகிவிடவும் இல்லை. கிரிப்டோ நிறுவனங்களுக்குச் சேவை தரவிடாமல் வங்கிகளைத் தடுத்த 2018 ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கையை 2020 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட் ரத்து செய்தது, அந்த மட்டும்தான்.

ஈதர் ஓடும் எத்திரியம், அதில் தானாக நடக்கும் ஒப்பந்த நிரலான ஸ்மார்ட் கான்ட்ராக்ட் பக்கம் எனக்கு இன்னும் மேலோட்டமான அறிவுதான். 2022 செப்டம்பர் 15 மதிய நேரத்தில் அது மைனிங்கை விட்டுவிட்டு ஸ்டேக்கிங்குக்கு (மின்சாரத்துக்குப் பதில் காயினைப் பிணையாக வைக்கும் முறை) மாறியதைச் சாப்பாட்டு வேளையில் போனில் பார்த்தேன், புரிந்தது பாதி. பிட்காயின் ஹாவிங், அதாவது பிளாக்குக்கு மைனிங் பரிசு பாதியாவது, அப்படியில்லை. 2024 ஏப்ரல் 19 இங்கே ஓட்டுப்பதிவு. மறுநாள் காலை ஐந்தரைக்கு, விரலில் மையோடு உட்கார்ந்து 8,40,000-ஆவது பிளாக்குக்காகக் காத்திருந்தேன். 6.25 ஆக இருந்த பரிசு 3.125 ஆனது. யாரும் கூட்டம் போட்டு முடிவெடுக்கவில்லை, 2009-ல் எழுதி வைத்தபடி நடந்தது.

போன வருடம் முதலாளி கூப்பிட்டு, நம் நூல் ஸ்டாக்கைப் பிளாக்செயினில் போடலாமா என்று கேட்டார். யாரோ விற்க வந்திருந்தார்கள். "நம்ம ஸ்டாக்கை எழுதறது நானு, பார்க்கறது நீங்க. ஒருத்தரை ஒருத்தர் நம்பாத பத்துப் பேர் ஒரே நோட்டுல எழுதறதா இருந்தா அது வேணும். நமக்கு டாலி சாப்ட்வேரே போதுங்க" என்றேன்.

0.001993 இன்னும் வாலட்டிலேயே இருக்கிறது. போன பொங்கலுக்கு ஒட்டடை அடித்தபோது 12 சொல் எழுதிய காகிதம் பழைய பேப்பர்க் கட்டுக்குள் போய்விட்டது. எடைக்குப் போடுவதற்கு முன்பு மகள்தான் பார்த்து எடுத்தாள். இப்போது ஒரு பிரதி நிலப் பத்திரத்தோடு பீரோவில், இன்னொன்று மாமனார் வீட்டில். என்ன காகிதம் என்று அவர் கேட்டார். நான் இன்னும் சொல்லவில்லை.