வாயிலோன் கண்டதும் வேந்தன் கண்டதும்

மதுரைப் பட்டிமன்றங்களில் ‘தேரா மன்னா’ என்றதும் கைதட்டல் எழும். எனக்கோ சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையில் அதற்கு முந்தைய வரிகள்தான் உயிர். ஒரே கண்ணகியை இருவர் சொல்லால் வரைகிறார்கள்.

வாயிற்காவலன் அவள் போர்த்தெய்வமான கொற்றவையும் அல்லள், காளியும் அல்லள் என்று அஞ்சி அஞ்சிச் சொல்கிறான். ‘செற்றனள் போலும் செயிர்த்தனள் போலும்’ என முதலில் சினத்தைச் சொல்கிறான். பிறகு கையிலுள்ள ஒற்றைச் சிலம்பு. ‘கணவனை இழந்தாள்’ என்பது கடைசியில்தான். எவ்வளவு கூர்மையான வரிசை!

பாண்டியன் கண்ணீரை மட்டும் பார்த்து ‘மடக்கொடியோய்’ என்கிறான். பேதைமையும் மென்மையும் ஏற்றிய விளி அது. காவலனும் ‘மடக்கொடி’ என்கிறான், ஆனால் எருமைத்தலைமேல் நிற்கும் கொற்றவையை! கண்ணகி தன் வழக்கை உரைத்த பிறகே அரசன் வாயில் ‘பெண்ணணங்கே’, அதாவது தெய்வம் போன்ற பெண்ணே என்ற விளி, வருகிறது. அவளைச் சரியாகக் கண்டவன் காவலனே.