கூடுவாஞ்சேரி வாசம்: எல்லாம் சரி, தண்ணீர்தான்…

சென்னைக்குத் தெற்கே, நாங்கள் இருக்கும் கூடுவாஞ்சேரிப் பக்கம் மனை வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். கேட்ட நேரம் பார்த்து எங்கள் வீட்டு கீசர் மறுபடியும் படுத்துவிட்டது. அந்தக் கடுப்பு இருந்தாலும் நியாயமாகவே சொல்லப் பார்க்கிறேன்.

மின்சார ரயிலும் ஜிஎஸ்டி சாலையும் எல்லோருக்கும் தெரிந்தவை. 2023 கடைசியில் பக்கத்துக் கிளாம்பாக்கத்தில் வெளியூர் பஸ்களுக்கான பேருந்து நிலையம் திறந்தது எங்களுக்குப் பெரிய வரம். முன்பெல்லாம் மதுரை பஸ்ஸில் உட்கார இடம் வேண்டுமென்றால் கோயம்பேடு போய் ஏறி, நம் ஊர் வழியாகவே திரும்பி வர வேண்டும். சாயங்காலமானால் மாடியில் நல்ல காற்று. தெருவில் பிள்ளைகள் இருட்டும்வரை விளையாடுகிறார்கள்.

ஆனால் போர் தண்ணீர்! மெக்கானிக் கீசரைக் கழற்றினார். தண்ணீரைச் சூடாக்கும் கம்பிச்சுருள் இருந்த இடமே தெரியவில்லை. சுற்றிலும் வெள்ளைப் பாறை. ஸ்க்ரூடிரைவரால் தட்டியதும் ஓடு ஓடாகப் பெயர்ந்து விழுந்தது. தண்ணீர் சூடாகும்போது அதில் கரைந்திருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் இப்படித்தான் படியுமாம். "இந்த ஏரியாவுல எல்லா வீட்டுலயும் இதே கதைதான் சார்" என்றார். எங்கள் தண்ணீரின் டிடிஎஸ், அதாவது கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு, லிட்டருக்கு 1,400 மில்லிகிராமை ஒட்டி இருக்கிறது. குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணய அளவு 500. வேறு வழியே இல்லாவிட்டால் 2,000 வரை போகலாம். சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது. சமையலுக்கும் கேன் தண்ணீர்தான்.

இதில் வயிறு எரிவது எதற்கென்றால், இது வறண்ட பூமி இல்லை. செங்கல்பட்டு ஏரிகளின் மாவட்டம். நந்திவரம் ஏரி பக்கத்திலேயே இருக்கிறது. அடையாறு தொடங்குவதே இங்கே ஆதனூர் ஏரியில்தான். ஐப்பசி, கார்த்திகையில் முழங்கால் வரை நிற்கிற தண்ணீர் அப்படியே கடலுக்குப் போகிறது. மழைநீர் சேகரிப்பு 2003லேயே கட்டாயமானது. எங்கள் தெருவில் பல வீடுகளில் குழாய் மட்டும் இறங்குகிறது, கீழே குழி இல்லை. நாங்கள் மாடித் தண்ணீரை வடிகட்டி சம்ப்பில் விடுகிறோம். அந்த நாட்களில் பருப்பு பூவாய் வெந்துவிடுகிறது, தலைமுடி பட்டாய் இருக்கிறது. பொங்கல் தாண்டியதும் பழைய உப்புக்கே திரும்புகிறோம்.

காற்றும் நிம்மதியும் வேறெங்கும் இந்த விலைக்குக் கிடைக்காது. இருந்தாலும் நண்பருக்கு என் பதில், இப்போது வாங்க வேண்டாம் என்பதுதான். ஆசை விடவில்லை என்றால் மழைக்காலத்தில் மனை பார்க்கப் போகாதீர்கள். மே மாதம் போய், பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு, அவர்கள் பாத்ரூம் குழாயிலும் பக்கெட்டின் உள்பக்கத்திலும் உப்பு படிந்திருக்கிறதா என்று பாருங்கள்.