ஜென்மேப்: எல்லாம் முடிந்தபின் வாய் திறக்கும் கருவி

நெட்வொர்க்கில் எந்தெந்த எந்திரம் இருக்கிறது, அதில் எந்தெந்த போர்ட் (இணைப்பு வாசல்) திறந்திருக்கிறது என்று தேடும் என்மேப்பைக் கட்டளையாகவே தட்டத் தெரிந்தவருக்கு, அதன் வரைகலை முகப்பான ஜென்மேப் எதற்கு? 2023 மே மாதம் 7.94 பதிப்பு வந்ததிலிருந்து இந்தக் கேள்வி மறுபடி காதில் விழுகிறது. அதுவரை பைத்தான் 2-ஐயும் பைஜிடிகே என்ற பழைய வரைகலை நூலகத்தையும் கட்டிக்கொண்டு அழுததால், உபுண்டு 20.04-இன் மென்பொருள் களஞ்சியத்தில் ஜென்மேப்புக்கு இடமே இல்லாமல் போயிருந்தது. 7.94-இல் பைத்தான் 3-க்கு மாற்றிவிட்டார்கள். நிறுவும் தலைவலி தீர்ந்தது. உள்ளே இருந்த தலைவலி அப்படியே இருக்கிறது.

அது இதுதான். 254 முகவரி உள்ள ஒரு லேனுக்கு (உள் நெட்வொர்க்குக்கு) 'இன்டென்ஸ் ஸ்கேன்' என்ற தயார் ப்ரொஃபைலை (சேமித்து வைத்த கட்டளையை) கொடுங்கள். 'என்மேப் அவுட்புட்' தாவலில் எழுத்துகள் ஓடும். இடப்பக்க ஹோஸ்ட் (எந்திரங்கள்) பட்டியல், போர்ட் அட்டவணை, டோபாலஜி (நெட்வொர்க் வரைபடம்) எல்லாம் கடைசி நொடிவரை காலி. ஜென்மேப் பின்னணியில் என்மேப்பை ஓட்டி, எக்ஸ்எம்எல் முடிவை ஒரு தற்காலிகக் கோப்பில் எழுதச் சொல்கிறது. என்மேப் முடிந்து வெளியேறிய பிறகுதான் அந்தக் கோப்பைப் பிரித்துப் படிக்கிறது. 200 ஹோஸ்ட் முடிந்து 54 பாக்கி இருக்கும்போது 'கேன்சல்' அழுத்தினால், முடிந்த 200-ம் அட்டவணைக்கு வராது. டெர்மினலில் '-ஓஎன்' போட்டு உரைக் கோப்பு வைத்திருந்தால் '--ரெஸ்யூம்' கொடுத்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம். வரைகலை முகப்பு என்று ஒன்று வைத்துவிட்டு, பாதி முடிவைக் காட்டும் வேலையை மட்டும் செய்யாமல் விடுவது என்ன நியாயமோ தெரியவில்லை.

இன்னொன்று: டெர்மினலில் ஸ்கேன் ஓடும்போது என்டர் தட்டினால் எத்தனை சதவீதம் முடிந்தது என்று சொல்லும். ஜென்மேப்பில் அந்த விசை என்மேப்பைப் போய்ச் சேராது. கன்ட்ரோல்+பி அழுத்திப் புது ப்ரொஃபைல் ஒன்று உண்டாக்கி, கட்டளையில் '--ஸ்டாட்ஸ்-எவ்ரி 15எஸ்' சேர்த்துவிடுங்கள். 15 நொடிக்கு ஒருமுறை நிலவரம் வரும். இதை இயல்பிலேயே வைத்திருக்கலாம், வைக்கவில்லை.

இந்த இரண்டும் சேர்ந்து ஆளைக் கவிழ்க்கும் இடம் யுடிபி (இணைப்பு உண்டாக்காமலே தரவு அனுப்பும் முறை) ஸ்கேன். லினக்ஸ் கெர்னல் 'போர்ட் இல்லை' என்ற ஐசிஎம்பி (பிழை அறிவிக்கும் நெறிமுறை) பதிலை நொடிக்கு ஒன்று என்ற அளவில்தான் அனுப்பும். 1000 போர்ட் என்றால் ஒரு லினக்ஸ் பெட்டிக்கே சுமார் 17 நிமிடம்; 65,536-ம் பார்த்தால் 18 மணி நேரத்துக்கு மேல். 'இன்டென்ஸ் ஸ்கேன் ப்ளஸ் யுடிபி'யை முழு லேனுக்கும் கொடுத்துவிட்டு, தொங்கிவிட்டது என்று நினைத்து கேன்சல் செய்பவர்கள் அதிகம். தொங்கவில்லை, காத்திருக்கிறது. யுடிபிக்குத் தனி ப்ரொஃபைல் வைத்து 53, 67, 123, 161 போன்ற தேவையான போர்ட்டுகளை மட்டும் கொடுப்பதே உசிதம்.

ரூட் (நிர்வாகி) அனுமதி தனிக் கதை. சாதாரணப் பயனராகத் திறந்தால் எஸ்ஒய்என் ஸ்கேனும் (இணைப்பை முழுமையாக்காமலே போர்ட்டைப் பார்க்கும் முறை) இயங்குதளம் கண்டறிதலும் கிடையாது. சூடோ (ரூட்டாக ஓட்டும் கட்டளை) போட்டுத் திறக்கப் போனால், வேய்லேண்ட் (லினக்ஸின் புதிய திரை அமைப்பு) அமர்வுகளில் திரையைத் திறக்க முடியவில்லை என்று பல சமயம் நின்றுவிடும்.

இவ்வளவு திட்டினாலும் 'சர்வீசஸ்' பொத்தானைச் சொல்லாமல் விட்டால் பாவம். இடப்பக்கம் 'ஹோஸ்ட்ஸ்' பக்கத்திலேயே இருக்கிறது. பலர் அதைத் தொடுவதே இல்லை. அதை அழுத்தி, தொலைவிலிருந்து நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் சேவையைத் தேர்ந்தெடுத்தால், எந்தெந்த எந்திரத்தில் எந்தப் பதிப்பு ஓடுகிறது என்பது ஒரே அட்டவணையில் வந்துவிடும். குறியாக்கம் இல்லாத பழைய டெல்நெட் எங்கே மிச்சம் இருக்கிறது, போர்ட் 9100-ஐத் திறந்து வைத்திருக்கும் பிரிண்டர்கள் எத்தனை என்பதெல்லாம் இரண்டு க்ளிக். டெர்மினலில் இதற்கு கிரெப் என்ற தேடல் கட்டளையோடு மல்லுக்கட்ட வேண்டும்.

கன்ட்ரோல்+டி ஒப்பீடும் அருமை. போன மாத ஸ்கேனையும் இந்த மாத ஸ்கேனையும் கொடுத்தால், புதிதாகத் திறந்த போர்ட்டைக் கூட்டல் குறியோடும் மூடியதைக் கழித்தல் குறியோடும் காட்டும். இதைச் செய்வது என்டிஃப் என்ற தனி நிரல். உபுண்டுவில் அது தனித் தொகுப்பாக வருகிறது.

டோபாலஜி படம் மேலதிகாரிக்குக் காட்ட நன்றாக இருக்கும். நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். திறந்த போர்ட் 3-க்குக் குறைவு என்றால் பச்சை, 3 முதல் 6 வரை மஞ்சள், அதற்கு மேல் சிவப்பு. வெறும் எண்ணிக்கைதான். டெல்நெட் ஒன்றை மட்டும் ஊருக்கே திறந்து வைத்திருக்கும் ரவுட்டர் பச்சையாகச் சிரிக்கும். ஒழுங்காகப் பராமரிக்கப்படும் சர்வர் சிவந்து நிற்கும்.

ஆகவே சிறிய நெட்வொர்க், பத்துப் பதினைந்து ஹோஸ்ட் என்றால் ஜென்மேப்பிலேயே ஓட்டலாம். அதற்கு மேல் என்றால் டெர்மினலில் சூடோவோடு '-டி4 -ஏ' (வேகமான, விரிவான ஸ்கேன்), கூடவே '-ஓஏ' என்று கொடுத்து ஓட்டுங்கள். அது உரை, கிரெப், எக்ஸ்எம்எல் மூன்று கோப்பையும் எழுதும். முடிந்ததும் எக்ஸ்எம்எல் கோப்பை ஜென்மேப்பில் கன்ட்ரோல்+ஓ போட்டுத் திறந்தால் போதும். ரூட் பிரச்சினையும் இல்லை, கேன்சல் பயமும் இல்லை. (ஸ்கேன் செய்ய அனுமதி உள்ள நெட்வொர்க்கில் மட்டும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.)

ஸ்கேனுக்கான முகப்பு என்று பார்த்தால் 5-க்கு 2 தருவதே தாராளம். ஆனால் அதை நீக்கும் எண்ணம் இல்லை, அந்த சர்வீசஸ் அட்டவணைக்காக.