ரீல்ஸ் முதல் வரிக்கு ஏஐ: எங்கே கைகொடுக்கிறது, எங்கே காலை வாருகிறது

"கவனத்தை ஈர்க்கும் 10 தொடக்க வரிகள் எழுதிக் கொடு" என்று சாட்ஜிபிடி, ஜெமினி மாதிரியான எந்தச் செயலியிடம் தமிழில் கேட்டாலும் வருவது பெரும்பாலும் ஒரே அச்சுதான். "உங்களுக்குத் தெரியுமா?", "இந்தத் தவறை நீங்களும் செய்கிறீர்களா?", "யாரும் சொல்லாத ரகசியம்!" இட்லி மாவு விற்பவருக்கும் இதே வரி, இன்சூரன்ஸ் முகவருக்கும் இதே வரி. 'ஹூக் ப்ராம்ப்ட்' (ஹூக் என்றால் கவனத்தை இழுக்கும் தொடக்க வரி, ப்ராம்ப்ட் என்றால் செயலிக்குக் கொடுக்கும் கட்டளை) என்று பிடிஎஃப் தொகுப்பாக விற்கிறார்களே, அவற்றிலும் பெரும்பாலும் இந்த ஒரே கேள்விதான் விதவிதமாக வார்த்தை மாற்றி இருக்கிறது. காசு கொடுத்து வாங்க வேண்டாம்.

சொல்ல வேண்டிய விவரத்தைக் கொடுத்துக் கேட்டால் இதே செயலி நன்றாக வேலை செய்கிறது. வீட்டில் மாவு அரைத்து விற்பவர் ஒரு ரீல் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். "இட்லி மாவு பற்றி ஹூக் எழுது" என்பதற்குப் பதிலாக இப்படிக் கொடுத்துப் பாருங்கள்:

"மிக்ஸியில் உளுந்து அரைத்தால் மாவு சூடாகும். சூடேறினால் இட்லி கல்லாகும். ஐஸ் தண்ணீர் தெளித்து, விட்டு விட்டு அரைத்தால் பொங்கும். அளவு: 4 பங்கு இட்லி அரிசி, 1 பங்கு உளுந்து. கேட்பவர்: கிரைண்டர் இல்லாமல் வாடகை வீட்டில் இருக்கும் புது மணப்பெண். இதில் உள்ள விவரத்தை மட்டும் வைத்து 15 தொடக்க வரி எழுது. ஒவ்வொன்றும் 6 சொல்லுக்குள். பேச்சுத் தமிழ். 'தெரியுமா', 'ரகசியம்', 'நண்பர்களே' கூடாது. கேள்வி மூன்றுக்கு மேல் வேண்டாம்."

15 வரியில் பத்துப் பன்னிரண்டு குப்பைக்குப் போகும். மிச்சத்தில் "இட்லி கல்லாச்சா? மிக்ஸியைத் தொட்டுப் பாருங்க" என்ற ரகத்தில் ஒன்றிரண்டு தேறும். அந்த ஒன்றிரண்டுக்காகத்தான் 15 கேட்பது. மூன்று மட்டும் கேட்டால் முதலில் தோன்றும் தேய்ந்த வரிகளோடு நின்றுவிடும்.

6 சொல் என்ற வரம்புக்குக் காரணம் உண்டு. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட ப்ராம்ப்ட்களில் 10 சொல், 12 சொல் என்றிருக்கும். தமிழில் ஒரே சொல்லில் வேற்றுமை, காலம், மரியாதை எல்லாம் ஒட்டிக்கொண்டு வருவதால் 12 தமிழ்ச் சொல்லைச் சொல்லி முடிக்க ஐந்தாறு விநாடி ஓடிவிடும். பார்ப்பவர் விரல் அதற்குள் மேலே தள்ளியிருக்கும்.

அதைவிடப் பெரிய சிக்கல் வினைச்சொல். எழுத்துத் தமிழில் அது கடைசியில் உட்காரும். "வீட்டில் மிக்ஸியில் அரைக்கும் இட்லி மாவு சரியாகப் பொங்காமல் அவதிப்படுகிறீர்களா?" என்று செயலி எழுதும்போது விஷயம் கடைசிச் சொல்லில்தான் வெளியே வருகிறது. நாம் வாயால் பேசும்போது அப்படிப் பேசுவதில்லை. "பொங்கவே பொங்காது, இப்படி அரைச்சா" என்று வினையைத் தூக்கி முன்னால் போடுகிறோம். "முக்கியமான சொல் முதல் இரண்டு சொல்லுக்குள் வர வேண்டும், வினையை முன்னால் வைக்கலாம்" என்று ஒரு வரி சேர்த்தாலே பாதி வரிகள் நிமிர்ந்துவிடுகின்றன. தமிழில் ஹூக் எழுதக் கேட்பவர்கள் வேறெதை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது.

பேச்சுத் தமிழ் என்று கேட்டாலும் சறுக்கும். ஒரே வரியில் "நீங்கள்" என்று ஆரம்பித்து "பண்ணாதீங்க" என்று முடிக்கும். கொங்குத் தமிழ் கேட்டால் எல்லாச் சொல்லிலும் "ங்க" ஒட்டும். நெல்லைத் தமிழ் கேட்டால் "ஏலே"யைத் தூவிவிடும். வட்டார வழக்கு வேண்டுமென்றால் நீங்களே பேசிப் பதிவு செய்த பழைய வீடியோ இரண்டின் வசனத்தை எழுத்தாக்கி, "இந்த நடையில் எழுது" என்று மாதிரியாக ஒட்டுங்கள். வழக்கின் பெயரைச் சொல்வதைவிட மாதிரி பல மடங்கு பலன் தரும். கடைசியில் வாய்விட்டுப் படித்து, நாக்கு தடுக்கும் இடத்தைக் கையால் மாற்றியே ஆக வேண்டும்.

எண்கள் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். விவரம் கொடுக்காமல் கேட்டால் "90% பேர் செய்யும் தவறு" என்று தானாக ஒரு கணக்கைப் போடும். அந்த 90% எங்கிருந்தும் வந்ததல்ல. உணவு, மருந்து, பணம் சார்ந்த பதிவில் இது போய்ச் சேர்ந்தால் கெடுவது உங்கள் பெயர். "ஆமாம்னா கமெண்ட்ல யெஸ் போடுங்க" போன்ற வரிகளையும் வெட்டுங்கள். இப்படி லைக், கமெண்ட் பிச்சை கேட்கும் பதிவுகளைப் பின்னுக்குத் தள்ளுவதாக ஃபேஸ்புக் 2017 டிசம்பரிலேயே அறிவித்துவிட்டது.

எழுத்து எண்ணிக்கையைச் செயலியிடம் ஒப்படைக்காதீர்கள். "புளிக்கவில்லை" என்பது நம் கண்ணுக்கு 7 எழுத்து. புள்ளியும் கொம்பும் தனித்தனியாக எண்ணப்படுவதால் கணினிக்கு 13. எக்ஸ் பதிவின் 280 எழுத்து, யூடியூப் தலைப்பின் 100 எழுத்து ஆகிய வரம்புகள் இதனால் தமிழில் சீக்கிரம் தீர்ந்துபோகும். செயலியும் எழுத்தை எண்ணுவதில் கெட்டி இல்லை. வரியை அந்தந்தத் தளத்தின் பெட்டியிலேயே ஒட்டிப் பார்ப்பதுதான் சுலபம்.

இரண்டு வரிக்கு நடுவே குழப்பமாக இருந்தால் 'எது நல்லது' என்று செயலியைக் கேட்டுப் பயனில்லை. கேட்கும் தொனிக்கேற்ப எதையும் புகழும். இன்ஸ்டாகிராமில் டிரையல் ரீல்ஸ் வசதி உங்கள் கணக்கில் இருந்தால், ஒரே வீடியோவை முதல் மூன்று விநாடி மட்டும் மாற்றி இரண்டாகப் போடுங்கள். அது முதலில் உங்களைப் பின்தொடராதவர்களுக்குத்தான் போகும் என்பதால் பழகிய முகத்துக்காக யாரும் நின்று பார்க்க மாட்டார்கள். யூடியூப் ஷார்ட்ஸில் எத்தனை பேர் நின்று பார்த்தார்கள், எத்தனை பேர் தள்ளிவிட்டுப் போனார்கள் என்ற விகிதத்தை யூடியூப் ஸ்டூடியோ செயலியே காட்டுகிறது.

இந்த வேலைக்குச் சந்தா தேவையில்லை. இலவசக் கணக்கே தாங்கும். முன்பு தமிழுக்கு நிறைய டோக்கன் (ஏஐ எழுத்தை உடைத்து எண்ணும் சிறு துண்டு) செலவாகும். 2024 மே மாதம் ஜிபிடி-4ஓ என்ற ஏஐ மாடல் வந்தபோது, 116 டோக்கன் பிடித்த ஒரு தமிழ் மாதிரி வாசகம் 35-க்குள் அடங்குவதாக, சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனம் காட்டியது. அதனால் நீளமான விவரமும் மாதிரி வசனமும் கொடுக்கத் தயங்க வேண்டாம். ஒவ்வொரு தலைப்புக்கும் புது உரையாடல் திறந்துகொள்ளுங்கள். பழையதிலேயே தொடர்ந்தால் நேற்றைய இட்லி வரி இன்றைய முறுக்குக்குள் வந்து நிற்கும்.